என் மகளுக்கு நான் சொன்ன அவுட்

1

இந்த ஊருக்கு வந்து ஆறு வருடம் முடிந்துவிட்டது. வட இங்கிலாந்தில், கடலோரமாக, கப்பல் கட்டுகிற ஒரு சின்ன ஊர். சென்னைக்குப் பக்கத்தில் காட்டுப்பள்ளி கப்பல் தளத்தில் வெல்டராக இருந்த என் கணவர் எட்வினுக்கு இங்கே வேலை கிடைத்தது. நானும் மகள் பெனிட்டாவும் அவர் பின்னால் வந்து சேர்ந்தோம். வந்த தேதியில் வருடா வருடம் கேசரி கிளறுவது என் வழக்கம். இன்றைக்கும் கிளறினேன். வீட்டில் இருக்கிற மூன்று பேரில் ஒருத்தி அதைத் தொடவில்லை. அவள் ஏன் தொடவில்லை என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் ஓர் உதவிபெறும் உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. பிள்ளைகளுக்கு பி.டி. மிஸ். ஸ்டெல்லா என்கிற பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. குரல்தான் என் சொத்து. ஆந்திரா பக்கம் போகிற ரயில் மைதானத்தை ஒட்டித் தடதடவென்று ஓடும்போதும் என் குரல் எதிர் கோல் போஸ்டில் நிற்கிற பிள்ளைக்குக் கேட்கும். விசில் தொலைந்துபோன வருடங்களில் விசில் வாங்கித் தரச் சொல்லி நான் யாரையும் கெஞ்சியதில்லை.

இங்கே நான் ஆசிரியை இல்லை. என் படிப்பு இங்கத்திய எந்தப் படிப்புக்குச் சமம் என்று முடிவு செய்ய ஓர் அலுவலகம் இருக்கிறது. அவர்கள் என் சான்றிதழ்களை வாங்கிப் பார்த்தார்கள், பாடத்திட்டத்தைக் கேட்டார்கள், நான் படித்த கல்லூரிக்கு மெயில் போட்டார்கள். கல்லூரியில் அந்த மெயிலைத் திறக்கிறவர் மாற்றலாகிப் போயிருந்தார். கடைசியில் என் படிப்பு அரைப் படிப்பு என்று முடிவாகிவிட்டது. ஆகவே மேல்நிலைப் பள்ளி ஒன்றில் விளையாட்டு வகுப்புக்கு உதவியாளர். கை கால் முடியாத பிள்ளைகள், பார்வை குறைந்தவர்கள், கூட்டத்தைக் கண்டால் காதைப் பொத்திக்கொள்கிறவர்கள், இவர்கள் பக்கத்தில் நிற்பது என் வேலை. விசில் ஊதக் கூடாது, கட்டளை போடக் கூடாது, கேட்காமல் ஒரு பிள்ளையின் தோளைத் தொடக் கூடாது.

முதல் வாரம் ஒரு வகுப்பு கலைந்து நின்றது. பழக்க தோஷத்தில் "அட்டேன்ஷன், ஸ்டேண்டட்டீஸ்" என்று ஒரு சத்தம் கொடுத்தேன். இத்தனை வருடம் நான் ஆங்கிலம் என்று நினைத்துச் சொல்லிக்கொண்டிருந்த அந்தக் கட்டளை ஓர் ஆங்கிலப் பிள்ளைக்கும் புரியவில்லை. ஒருத்தன் மட்டும் எனக்கு உடம்பு சரியில்லையா என்று அக்கறையாக விசாரித்தான்.

2

பெனிட்டாவுக்குப் பிறவியிலேயே இடது கையும் இடது காலும் பலம் குறைவு. காலுக்கு பிளாஸ்டிக் பட்டை போட்டால் நடப்பாள், சாய்ந்து சாய்ந்து ஓடவும் செய்வாள். வாய் மட்டும் யாருக்கும் குறைந்தது இல்லை.

கவரைப்பேட்டையில் எங்கள் வீடும் என் அக்கா மேரியின் வீடும் அடுத்தடுத்து இருந்தன. சாயங்காலம் ஆனால் அக்கா பிள்ளைகளும் தெருப் பிள்ளைகளும் கல்லா மண்ணா ஆடுவார்கள். கல் மேல் நிற்கிறவர்களைப் பிடிக்க முடியாது, மண்ணில் இறங்கினால் பிடிக்கலாம். அவ்வளவுதான் ஆட்டம். பெனிட்டாவையும் சேர்த்துக்கொள்வார்கள். எப்படி என்றால், ஒப்புக்குச் சப்பாணியாக. இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் சின்ன வயதில் ஒருமுறையாவது ஒப்புக்குச் சப்பாணியாக இருந்திருப்பீர்கள். தம்பி தங்கை அழுதால் ஆட்டத்தில் விடுவோமே, அது. அந்தப் பிள்ளை ஓடலாம், கத்தலாம், சிரிக்கலாம். அவுட் மட்டும் ஆக முடியாது. அது ஆடுவதும் ஆடாததும் கணக்கில் வராது. மற்ற பிள்ளைகள் வளர்ந்து அந்த இடத்தைக் காலி செய்துவிட்டுப் போவார்கள். என் மகள் மட்டும் வருடக்கணக்கில் அங்கேயே இருந்தாள்.

ஒருநாள் வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டாள்.

"யம்மா, நான் மண்ணுலயே நின்னுக்கினு கீறேன். என்ன மட்டும் ஏன் யாரும் புடிக்க மாட்றாங்க?"

நான் வெளியே போய் அக்கா பிள்ளைகளைத் திட்டினேன். அக்கா வந்துவிட்டாள்.

"இன்னா ஸ்டெல்லா, புள்ளைங்களப் போயி இப்டி கத்துற? சேத்துக்கினுதான ஆடுதுங்க? சேத்துக்காம உட்டா அது வாசல்ல குந்திக்கினு வேடிக்கதான பாக்கும்?"

"சேத்துக்கறதுன்னா ஒழுங்கா சேத்துக்கணும்க்கா. புடிச்சா புடிச்சதுதான்."

"புடிச்சி அது வுழுந்துட்டா அதுக்கும் நீதான் வந்து கத்துவ."

அக்கா சொன்னதில் தப்பு இல்லை. ஆனால் அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை. எங்கள் பள்ளியிலும் எல்லாருக்குமான பி.டி. என்று ஒன்று இருந்ததில்லை. பி.டி. பீரியடைக் கணக்கு சார் கடன் கேட்காத நாளில் பிள்ளைகள் மைதானத்துக்கு வருவார்கள். பெண்கள் துப்பட்டாவைக் குறுக்கே கட்டிக்கொண்டு கோ-கோவுக்கு நிற்பார்கள். ஓடத் தெரிந்தவர்கள் ஓடுவார்கள், மண்டலப் போட்டிக்குப் போவார்கள். மற்றவர்கள் புங்க மரத்தடியில் எல்லாருடைய பைகளுக்கும் செருப்புக்கும் காவல். இரும்பு உருக்குகிற கம்பெனிகளின் கரித் தூசி அந்தப் பைகள் மேல் படியும். அதைத் தட்டிவிடுவதுதான் அவர்களுக்கு உடற்பயிற்சி. என் மகளும் ஒன்பதாம் வகுப்பில் அந்த மரத்தடிக்கு வந்து சேருவாள் என்று எனக்குத் தெரியும். எட்வினுக்கு வெளிநாட்டு வேலை வந்தபோது அவருக்கே அரை மனசுதான். போயே ஆக வேண்டும் என்று நின்றவள் நான். அந்த நாட்டில் எல்லாப் பிள்ளைகளையும் ஆட வைப்பது சட்டம் என்று எங்கேயோ படித்திருந்தேன்.

3

படித்தது பொய் இல்லை. இங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில் சக்கர நாற்காலியில் ஒரு பெண் கூடைப்பந்தை வாங்கி இன்னொருத்திக்குக் கடத்தினாள். நான் கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். ஒவ்வொரு ஆட்டத்தையும் இவர்கள் பிரித்துப் போட்டுத் திரும்பக் கட்டுகிறார்கள். பந்தைப் பெரிதாக்குவார்கள், கோட்டைக் கிட்டே போடுவார்கள், ஓட முடியாத பிள்ளைக்கு ஓர் ஓட்டக்காரரைக் கொடுப்பார்கள். இதெல்லாம் நான் நம் ஊரில் கற்றிருக்க வேண்டிய வித்தை.

பெனிட்டாவும் அதே பள்ளிதான். பதினாலு வயது. பள்ளியில் என்னைப் பார்த்தால் பார்க்காத மாதிரி போவாள். வீட்டில் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். கவரைப்பேட்டையில் நைனாவாக இருந்தவர் இப்போது டாட். அவள் வகுப்புக்கு என்னைப் போடுவதில்லை என்பது பள்ளி விதி. சென்ற மாதம் அந்த வகுப்பின் உதவியாளருக்குக் காய்ச்சல். அனுப்ப வேறு ஆள் இல்லாமல் என்னை அனுப்பினார்கள்.

ரவுண்டர்ஸ் ஆடிக்கொண்டிருந்தார்கள். கிரிக்கெட்டுக்கும் நம் கில்லிக்கும் நடுவில் ஓர் ஆட்டம். குட்டை மட்டையால் பந்தை அடித்துவிட்டு நான்கு கம்பங்களைச் சுற்றி ஓட வேண்டும். அடித்த பந்தை யாராவது பிடித்துவிட்டால் அவுட். ஆசிரியர் கிரெய்க் நல்ல இளைஞர். பிள்ளைகள் மேல் உண்மையான அக்கறை உள்ளவர். பெனிட்டா மட்டையோடு வந்து நின்றாள். அவளுக்குப் பந்தை மெதுவாகப் போட்டார்கள். அவள் ஒற்றைக் கையால் வீசினாள். பந்து நன்றாக எழும்பியது. எல்லி என்கிற சிவந்த முடிக்காரப் பெண் நாலு எட்டு ஓடி வந்து இரண்டு கையாலும் அதைப் பிடித்தாள். அருமையான கேட்ச். பிடித்த பிறகு கிரெய்க்கைப் பார்த்தாள், பெனிட்டாவைப் பார்த்தாள், கையை விரித்துப் பந்தைப் புல்லில் நழுவ விட்டாள். "பரவாயில்லை, இன்னொரு தடவை" என்றார் கிரெய்க். பெனிட்டா மறுபடியும் மட்டையைத் தூக்கினாள்.

எனக்குள் என்ன ஆனது என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இத்தனை தூரம் வந்தும் அதே இடம் என்று தோன்றியது மட்டும் நினைவிருக்கிறது. கை தானாக மேலே போனது. ஒற்றை விரல் நீண்டது.

"அவுட்" என்றேன்.

கவரைப்பேட்டைக் குரல். பக்கத்து மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்கள்கூட நின்று திரும்பினார்கள். ஆறு வருடமாக உள்ளே பூட்டி வைத்திருந்த குரல் என் மகள் மேல்தான் போய் விழுந்தது. எல்லியின் முகம் அழுகிற மாதிரி ஆகிவிட்டது. பெனிட்டா மட்டையைக் கீழே வைத்துவிட்டு நடந்து போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் தெரிந்ததை நான் நிம்மதி என்று எடுத்துக்கொண்டேன்.

4

மறுநாள் என்னைக் கூப்பிட்டார்கள். கிரெய்க், துறைத் தலைவி, டீயோடு பிஸ்கட். இங்கே திட்டுவதை அவ்வளவு மெதுவாகச் செய்வார்கள், வீட்டுக்கு வந்து யோசித்தால்தான் திட்டு வாங்கியது தெரியும். வகுப்பின் முடிவுகளை உதவியாளர் சொல்லக் கூடாது என்பதை நினைவூட்டினார்கள். அந்தப் பிள்ளை உங்கள் மகள் என்பதால் கஷ்டம் புரிகிறது என்றார்கள்.

நான் தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். வரவில்லை. ஒப்புக்குச் சப்பாணியை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்க ஆரம்பித்தேன். நொண்டிப் பிள்ளையைப் பேருக்குச் சேர்த்துக்கொள்வது என்று சொன்னதும் இரண்டு பேர் முகமும் மாறிவிட்டது. நொண்டி என்கிற சொல்லை இங்கே வாயில் எடுக்கவே கூடாது. விடாமல் கல்லா மண்ணாவைச் சொன்னேன். மண்ணில் நின்ற பிள்ளையைச் சொன்னேன். அவள் கேட்ட கேள்வியைச் சொன்னேன். அவுட் ஆக முடியாதவள் ஆடுகிறாள் என்று எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன். தலைவி டீயைக் கீழே வைத்துவிட்டார். நாங்கள் இப்படி யோசிக்கவில்லை, நன்றி என்றார் கிரெய்க். அந்த வாரமே பெனிட்டாவின் திட்டத்தைத் திருத்தி எழுதினார்கள். கம்பங்கள் அவளுக்குக் கொஞ்சம் கிட்டே இருக்கும், ஓட்டக்காரர் வேண்டாம், பிடித்தால் அவுட். மண்டலக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிய நாளில்கூட நான் அவ்வளவு நிமிர்ந்து நடந்ததில்லை.

எட்வினிடம் சொன்னேன். ஷிப்ட் முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பெனிய கேட்டியா?"

"அவள இன்னா கேக்கறது? நான் அவ அம்மா இல்லியா? எனுக்குத் தெரியாதா?"

"இல்ல, சும்மா கேட்டேன். அது மூஞ்சே சரியில்ல ரெண்டு நாளா. நீ பாட்டுக்கு பேஜார் பண்ணிக்கினு வந்துட்டியோன்னு பாத்தேன்."

அக்காவுக்கு போன் போட்டேன். அவளாவது பாராட்டுவாள் என்று எனக்கு ஓர் ஆசை. அங்கே பின்னால் குக்கர் விசிலடித்துக்கொண்டிருந்தது.

"அப்போ இங்க எங்க புள்ளைங்கள கத்துன. இப்போ அங்க வெள்ளக்காரன் புள்ளைங்கள கத்திட்டியா?" என்று சிரித்தாள். சிரித்து முடித்ததும் கேட்டாள். "அது யாராண்டனா சேந்துக்கினு கீதா, தனியா கீதா? அத்தச் சொல்லு மொதல்ல."

சேர்ந்துதான் இருக்கிறாள் என்றேன். எனக்கு அது தெரியாது.

5

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து காரில் வரும்போது, புது விதி எப்படி இருக்கிறது என்று நானே கேட்டேன். அதற்கு முந்தின வகுப்பில் அதை ஆரம்பித்திருந்தார்கள். பெனிட்டா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு ஆங்கிலத்தில் பேசினாள். நிதானமாகப் பேசினாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நான் அவுட்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? எல்லாருக்கும் தெரியும். எல்லிக்குத் தெரியும். சாருக்குத் தெரியும். நீ கத்தித்தான் தெரியணும்னு இல்ல."

"தெரிஞ்சும் ஆடுறது ஆட்டம் இல்லடி."

"ஆள் பிரிக்கும்போது முதல்ல யாரைக் கூப்பிடுவாங்க தெரியுமா? என்னை. ரெண்டு பக்கமும் என்னைத்தான் கேப்பாங்க. நான் இருக்கிற டீம் ஆல் அவுட்டே ஆகாது இல்ல? எனக்காகச் சண்டை போடுவாங்கம்மா. எல்லி அதனாலதான் எங்கூட சேர்ந்தா. அப்புறம் சாப்பாட்டுக்கும் கூட உக்காந்தா."

எட்வின் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். நான் பின்னால் திரும்பவில்லை.

"உனக்காகத்தான் நான் போய்ப் பேசினேன்" என்றேன்.

"அங்க யாரும் என்னப் பிடிக்கல. அதுக்கு நான் அழுதேன். சரி. இங்க எல்லாரும் என்னக் கேட்டாங்க. அது உனக்குப் பிடிக்கல."

இதைச் சொல்லும்போது மட்டும் தமிழுக்கு வந்தாள். வீடு வந்ததும் இறங்கி மாடிக்குப் போய்விட்டாள். எனக்கு அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. அவள் சொன்னது கேவலமான ஆட்டம்தான், அந்தச் சலுகையைப் பிள்ளைகள் பயன்படுத்திக்கொண்டார்கள், அவளும் பயன்படுத்திக்கொண்டாள். அதெல்லாம் சரி. ஆனால் அதில் அவளுக்கு ஓர் இடம் இருந்தது. அவள் அதைத் தன் புத்தியால் சம்பாதித்து வைத்திருந்தாள். நான் போய் அதைப் பிடுங்கிவிட்டு வந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை கிரெய்க்கிடம் போய் பழைய விதியையே வைத்துவிடலாமா என்று கேட்டேன். அவர் சங்கடப்பட்டார். திருத்திய திட்டத்தில் மேலே உள்ளவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், நான் சொன்னதைக் கூட்டத்தில் எடுத்துச் சொல்லி மற்ற வகுப்புகளுக்கும் அப்படியே செய்யப் போகிறார்கள், அடுத்த பருவத்தில்தான் மறுபரிசீலனை. "நீங்கள் சொன்னதுதான் சரி என்று இப்போதும் நினைக்கிறேன்" என்று என்னைத் தேற்றுகிற மாதிரி சொன்னார். நம் ஊராக இருந்தால் தலைமை ஆசிரியர் அறைக்குள் நுழைந்து ஒரு சத்தம் போட்டு மாற்றியிருப்பேன். இங்கே நான் முதன்முதலாக ஒன்றை மாற்றினேன், அதைத் திரும்ப மாற்ற முடியவில்லை.

நேற்று அவளுடைய வகுப்பு. நான் பக்கத்து மைதானத்தில் என் பிள்ளைகளோடு நின்றிருந்தேன். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். ஆள் பிரித்தார்கள். எல்லி ஒரு பக்கத்துத் தலைவி. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள், ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசியில் பெனிட்டா மட்டும் நின்றாள். அவள் பெயரை யாரும் கூப்பிடவில்லை. எந்தப் பக்கம் ஆள் குறைகிறது என்று அவளே பார்த்து, அங்கே போய் நின்றுகொண்டாள். அதற்கு மேல் என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. என் பிள்ளைகளுக்குப் பந்து எடுத்துக் கொடுக்கப் போய்விட்டேன்.

சாயங்காலம் காரில் ஏறியதும் குனிந்து காலில் இருந்த பட்டையைத் தளர்த்தினாள். கணுக்காலில் பட்டை பதிந்து சிவந்திருந்தது. கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன்.

"இன்னாடி, எப்டி போச்சி?"

"அவுட்டாய்ட்டேன். மொத பால்லயே."

"பரவால்ல. எல்லாரும்தான் அவுட் ஆவாங்க."

சீட் பெல்ட்டை இழுத்து ஒற்றைக் கையால் மாட்டினாள்.

"மத்தவங்க அவுட்டானா அந்த டீமே குதிச்சிக் கத்துவாங்கம்மா. நான் அவுட்டானப்போ யாருமே கத்தல."

வண்டியை எடுத்தேன்.